கல்வெட்டில் வந்த இடியப்பத் தட்டு

தேவராஜாவுக்கு யாரிலும் நம்பிக்கை கிடையாது. இதை அவருக்குப் பின்னால் நின்று சொல்லவில்லை. அவரே வாய் நிறையச் சொல்லிக்கொள்வதுதான். மெல்பேர்ண் பக்கத்துக் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போனால் செருப்பைச் சோடியாகக் கழற்ற மாட்டார். ஒன்றை இந்தப் பக்கத்துத் தட்டில் வைப்பார், மற்றதை அந்தப் பக்கத்துத் தட்டில். ஒற்றைச் செருப்பை எவன் களவெடுப்பான் என்பது அவருடைய நியாயம். பூசை முடிந்து அவர் ஒற்றைக் காலோடு மற்றதைத் தேடித் திரிய, மனைவி யோகா தனக்குத் தெரியாத ஆள்போலக் காரடிக்கு நடந்துவிடுவாள்.

பிறக்கும்போதே இப்படிப் பிறந்தவர் இல்லை மனுசன். 2012இல் இலங்கையிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் படகில் வந்தவர். முதல் அகதி விசாரணையில் ஊரை விட்டு வெளிக்கிட்டது செவ்வாய்க்கிழமை என்றார். இரண்டாவது விசாரணையில் புதன் என்று வாய் தவறிவிட்டது. அந்த ஒரு நாளைப் பற்றி நாற்பது கேள்வி கேட்டார்கள். அன்றையிலிருந்து திகதி போட்ட தாள் எதைக் கண்டாலும் எட்ட நின்றுதான் பார்ப்பார். சூடு கண்ட பூனை அடுப்படியை நாடாது என்பார்கள். இவர் அடுப்படி மட்டுமில்லை, அடுப்பைப் பற்றிப் பேசுகிற ஆட்களையும் நாடமாட்டார்.

வேலை டண்டினோங்கில், பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற ஒரு தொழிற்சாலையில். அச்சு மாற்றுவது, சூடு பார்ப்பது, பிசிறு வந்தால் கண்டுபிடிப்பது. கை சுத்தமான தொழிலாளி. ரொறன்ரோவில் தம்பி ஸ்ரீகாந்தனோடு இருந்த அம்மா ஒருநாள் போனில் சலித்துக்கொண்டா: "இடியப்பத் தட்டுகளை ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கி அவிச்சால் கீழ் இடியப்பம் எல்லாம் சப்பளிஞ்சு போகுதடா." அவ்வளவுதான். இவர் மூன்று மாதம் மண்டையைப் போட்டு உடைத்து, விளிம்பில் மூன்று இடத்தில் அலைபோல எழும்பி நிற்கிற ஒரு தட்டைச் செய்தார். ஒன்றின் அலை மேலே மற்றது குந்திக்கொள்ளும். இடையில் ஆவி போய்வரும், இடியப்பம் பூவாட்டம் அப்படியே இருக்கும். ஆறு தட்டை அம்மாவுக்குப் பார்சலில் அனுப்பினார்.

2023 தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் அம்மா போய்விட்டா. இவர் அப்போது தற்காலிக விசாவில் இருந்தார். பயணத்துக்கு அனுமதி வேண்டும், கனடா விசா வேண்டும். செத்தவீட்டைப் போன் திரையில் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டு குழந்தைபோல அழுதார். அதற்குமேல் அதைப் பற்றி அவரிடம் யாரும் கதைக்கக் கூடாது.

அடுத்த வருடம் நிரந்தர விசா கிடைத்தது. அதே மாதம், சமையல் சாமான் செய்கிற ஒரு மெல்பேர்ண் கம்பனி அந்தத் தட்டைத் தாங்கள் செய்து விற்க விருப்பம் என்றது. ஒரே ஒரு நிபந்தனை: வடிவமைப்புப் பதிவு சான்றிதழோடு இருக்கவேண்டும். தேவராஜா இரண்டு ரயில் மாறி மெல்பேர்ண் சிற்றிக்குப் போனார். வடிவமைப்பு உரிமை பதிந்துகொடுக்கிற வைதேகி என்ற பேட்டன்ட் அட்டர்னியின் மேசைக்கு முன்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பையைத் திறக்குமுன் ஒரு தாளை நீட்டினார். இரகசியம் காப்பேன் என்று அவள் கையெழுத்து வைக்கவேண்டுமாம்.

வைதேகி கோயம்புத்தூர்க்காரி, முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். சிரித்துவிட்டாள். "சார், நான் அட்டர்னி. சட்டமே என் வாயைக் கட்டித்தான் வச்சிருக்கு." ஆனாலும் கையெழுத்துப் போட்டாள். பிறகு கேட்டாள்: "இந்தத் தட்டை இதுக்கு முன்னாடி யாருக்காவது காட்டியிருக்கீங்களா? போட்டோ, ஃபேஸ்புக், கோயில் கடை, எதுலயாவது?"

"என்ர மனுசிக்கே துணியால மூடித்தான் காட்டினனான்."

பொய் சொல்லவில்லை அந்த மனிதர். 'யாருக்காவது' என்ற சொல்லுக்குள் அம்மாவை அவர் சேர்க்கவில்லை. எந்த மகன்தான் சேர்ப்பான்?

2024 ஏப்ரல் 15ஆம் திகதி, சித்திரைப் புதுவருடம் பிறந்த கையோடு நல்லநேரம் பார்த்து விண்ணப்பம் போனது. சில கிழமையில் பதிவும் வந்தது. 'வடிவமைத்தவர்' என்ற இடத்துக்கு எதிரே அவருடைய முழுப்பெயர். பன்னிரண்டு வருடமாக அரசாங்கத் தாள்களில் தன் பெயருக்குப் பக்கத்தில் 'தற்காலிகம்' என்ற சொல்லையே பார்த்த கண் அது. தாளைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, அடுத்த நாளே கழற்றி, அலுமாரிக்குள் பூட்டிவிட்டார். வீட்டுக்கு வருகிற ஆட்கள் பார்த்துவிடுவார்களே!

"சார், ஒண்ணு புரிஞ்சுக்கங்க," என்றாள் வைதேகி. "இங்க முதல்ல ஃபார்ம் சரியா இருக்கான்னு பாத்துட்டுப் பதிஞ்சிடுவாங்க. இது புதுசுதானான்னு தோண்டிப் பாக்கிறது பரிசோதனை. அதை நீங்களும் கேக்கலாம், வேற யாரு வேணாலும் கேக்கலாம். அதுல பாஸானாத்தான் சான்றிதழ். அப்புறம்தான் காப்பியடிக்கிறவனை நாம பிடிக்க முடியும்."

"வேற ஆரும் ஏன் கேக்கவேணும்?" தேவராஜாவின் புருவம் ஏறிவிட்டது.

இன்னொன்றும் சொன்னாள். வெளிநாட்டிலும் உரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள், அதாவது ஐப்பசி (ஒக்டோபர்) 15க்குள், விண்ணப்பிக்க வேண்டும். கனடா, பிரித்தானியா, ஐரோப்பா என்று பல நாட்டுக்கு ஒரே விண்ணப்பமாகப் போடுகிற சர்வதேச முறை ஒன்று இருக்கிறது. ஆனால் அவுஸ்திரேலியா அந்த ஒப்பந்தத்தில் இன்னும் சேரவில்லை. இங்கே மட்டும் இருக்கிற ஆள் அதில் நுழைய முடியாது. "உங்களுக்கு அந்த நாடுகள்ல நம்பிக்கையானவங்க யாராச்சும் இருக்காங்களா சார்? அவங்க பேருக்கு உரிமையை எழுதிக்குடுத்து, அவங்க விண்ணப்பிக்கலாம். வடிவமைத்தவர்னு உங்க பேர் அப்படியே இருக்கும். பின்னாடி உங்களுக்கே திரும்ப எழுதித்தரணும்னு ஒப்பந்தம் போட்டுக்கலாம்."

நம்பிக்கையானவங்க! கேட்டாளே ஒரு கேள்வி, அதுவும் யாரிடம்!

யோகா இதை ஸ்ரீகாந்தனுக்குச் சொல்லிவிட்டாள். அவன் அன்றைக்கே போன் எடுத்தான். "அண்ணை, நான் கனடா சிற்றிசன்தானே. என்ர பேரில போடுங்கோ. தாளை அனுப்புங்கோ, நான் சைன் வைக்கிறன்."

"ம்ம், பாப்பம்," என்று போனை வைத்தார் தேவராஜா. வைத்துவிட்டு யோகாவைப் பார்த்தார். "பாத்தியே? கேக்கமுந்தியே கையை நீட்டுறான். என்ர பேரில போடுங்கோவாம். தனக்குத் தனக்கெண்டால் சுளகு படக்குப் படக்கெண்டு அடிக்கும்."

"உங்கட கூடப்பிறந்த தம்பியப்பா அவன்."

"அதுதான் சொல்லுறன். பிறத்தியான் எண்டால் தயங்கியாவது கேட்டிருப்பான்."

யோகா தலையில் கை வைத்துக்கொண்டு குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆவணி கடைசியில் வைதேகியிடமிருந்து மின்னஞ்சல். அவருடைய வடிவமைப்பைப் பரிசோதிக்கச் சொல்லி யாரோ கேட்டிருக்கிறார்கள். சிட்னியில் ஒரு சட்ட நிறுவனம் மூலமாக வந்த கோரிக்கை. சட்டப்படி கட்டணத்தில் பாதியை இவரும் கட்டவேண்டும், கட்டாவிட்டால் பதிவே போய்விடும். இந்தத் தட்டு பதிவுக்கு முன்பே வெளிவந்துவிட்டது என்பதற்குச் சாட்சியும் இணைத்திருந்தார்கள். தேவராஜா தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் கதிரையில் இருந்தபடி இணைப்பைத் திறந்தார்.

முதல் பக்கத்தில் அம்மா.

நம்முடைய ஆட்கள் செத்தவீட்டு முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவுப் புத்தகம் அடிப்பார்கள் இல்லையா, கல்வெட்டு என்று சொல்வோமே, தேவாரம், வம்சாவளி, படங்கள், நன்றி நவிலல் எல்லாம் போட்டு? அம்மாவின் கல்வெட்டு அது. அட்டையில் 15.02.2023 என்று திகதி. அதற்குக் கீழே உள்பக்கத்துப் படம் ஒன்று: ஸ்ரீகாந்தனின் குசினியில் அம்மா, கையில் அந்த அலைவிளிம்புத் தட்டு, முகம் முழுக்கச் சிரிப்பு. 'மூத்த மகன் அவுஸ்திரேலியாவிலிருந்து தன் கையால் செய்து அனுப்பிய இடியப்பத் தட்டுடன்' என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தது.

அவர் அந்தப் படத்தை அதற்குமுன் பார்த்ததே இல்லை. ஏன் பார்க்கவில்லை என்றால் அதற்கும் ஒரு கோபம்தான் காரணம். மாசி மாதத் திகதி போட்ட புத்தகம் அவருக்குத் தபாலில் வந்தது ஆடி மாதம். ஊருலகத்துக்கெல்லாம் கொடுத்து முடித்து, மிஞ்சினதைத் தனக்கு எறிந்திருக்கிறான் தம்பி என்று எண்ணிக்கொண்டார். பெட்டகத்தில் வைத்தவர் விரிக்கவே இல்லை.

இப்போது அந்தப் படம் தன் கழுத்துக்கே கத்தியாக வந்திருக்கிறது. நூற்றைம்பது புத்தகம், எல்லாம் சொந்தபந்தத்துக்குள். சிட்னியில் இருக்கிற எவனுக்கு இது எப்படிப் போகும்? அடுத்த பக்கத்தை அவர் தட்டவே இல்லை. தம்பிக்குப் போன் அடித்தார். ரொறன்ரோவில் இரவு, அவன் வேலையால் பிந்தி வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"உன்ர பேரில போடேல்லை எண்ட ஆத்திரத்தில குடுத்தனியோ?"

"என்னண்ணை? என்னத்தைக் குடுத்தது?"

"நடிக்காதை, நீ ஒரு களவன். அம்மான்ர கல்வெட்டைக் கொண்டுபோய் என்ர எதிரிக்குக் குடுத்திருக்கிறாய். எனக்கு ஆறு மாதம் கழிச்சு எறிஞ்சாய். அவனுக்குக் கையில குடுத்திருக்கிறாய்."

மறுபக்கத்தில் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஸ்ரீகாந்தன் சொன்னான்: "அண்ணை, நீங்கள் கோவத்தில இருக்கிறியள். பிறகு கதைப்பம்." வைத்துவிட்டான்.

"குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது," என்றார் தேவராஜா, பக்கத்தில் இருந்த வியட்நாம்காரனிடம், தமிழில். அவன் தலையை ஆட்டிவிட்டுத் தன் நூடில்ஸைச் சாப்பிட்டான்.

இரண்டு நாள் கழித்து வைதேகியிடம் போனார். அவள் அடுத்த பக்கத்தைத் திறந்து காட்டினாள். பரிசோதனை கேட்டவன் சிட்னி வென்ட்வேர்த்வில்லில் சமையல் சாமான் இறக்கி விற்கிற ஜசிந்தன் என்ற ஆள். இதேமாதிரித் தட்டுகளை வெளிநாட்டில் செய்வித்து இறக்குகிறானாம். புத்தகம் தனக்கு எப்படிக் கிடைத்தது என்று அவனே எழுதியிருந்தான்: ரொறன்ரோ ஸ்காபரோவில் இருக்கும் அவனுடைய மாமியார் வீட்டில் கிடந்ததாம். அந்த மாமியார் தேவராஜாவின் அம்மாவுக்குக் கோயில் சிநேகிதி. எப்போது கையில் கிடைத்தது என்பது அந்த மனுசிக்கு ஞாபகம் இல்லையாம்.

"உங்க தம்பி இதுல வரவே இல்ல சார்," என்றாள் வைதேகி.

தேவராஜாவுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் சந்தேகம் லேசில் சாகிற சாமானா? ஒரு வாசலை அடைத்தால் வீட்டுப் பின்கோடியால் வரும். "சரி, குடுத்தது அவன் இல்லை. அந்தப் படத்தைப் புத்தகத்தில போட்டது ஆர்? அவன்தானே?"

வைதேகி பெருமூச்சு விட்டாள். "நம்ம ஆளே வெளியிட்டிருந்தா, பதிஞ்ச தேதிக்கு முன்னாடி பன்னிரண்டு மாசம் வரைக்கும் மன்னிப்பு உண்டு. ஆனா அட்டையில 2023 பிப்ரவரி. நாம பதிஞ்சது அடுத்த வருஷம் ஏப்ரல். பதினாலு மாசம். அங்கதான் இடிக்குது. புத்தகம் உண்மையில எப்ப ஜனங்க கைக்குப் போச்சுன்னு அதை அடிச்சவர் சத்தியப் பிரமாணம் எழுதிக் குடுத்தா உதவும். உங்க தம்பியைக் கேளுங்க."

"முப்பத்தோராம் நாள் புத்தகத்தை முப்பத்தோராம் நாள்தானே குடுப்பினம். கேக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"அது போகட்டும். வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு அக்டோபர் பதினஞ்சு கடைசி. அவர் பேர்லதான் போட்டாகணும். இப்பவாவது பேசுங்க சார்."

ரயிலில் திரும்பி வரும்போது அவருக்கு இன்னொரு யோசனை வந்தது. இந்தப் பிள்ளை ஏன் தம்பி பெயரையே திருப்பித் திருப்பிச் சொல்லுகிறாள்? அவனோடு கதைத்திருப்பாளோ? இரண்டு பேரும் கூட்டோ? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வீடிருக்கிற கிரான்பர்னில் இறங்குவதற்குள் மனுசன் அதை உறுதிப்படுத்தியே விட்டார். அதற்கடியில் இன்னொன்றும் இருந்தது, அதை அவர் வெளியில் சொல்லமாட்டார்: வெட்கம். தம்பியைக் களவன் என்று சொன்ன வாயால் எப்படி அவனைக் கூப்பிடுவது?

வைதேகி மூன்று மின்னஞ்சல் போட்டாள். ஐப்பசி பத்து, பன்னிரண்டு, பதினான்கு. மூன்றையும் திறந்தார், தம்பியின் பெயரைக் கண்டதும் மேலே வாசிக்காமல் மூடினார், மூன்றுக்கும் பதில் எழுதவில்லை. பதினைந்தாம் திகதி செவ்வாய்க்கிழமை. வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார், படுத்தார். நாள் போய்விட்டது.

பரிசோதனை அறிக்கையும் வந்தது. எதிர்பார்த்தபடிதான். அட்டையில் உள்ள திகதியில் புத்தகம் வெளிவந்திருந்தால் இந்த வடிவமைப்புப் புதியது அல்ல, பதிவை நீக்கவேண்டி வரும், மறுப்பு இருந்தால் சாட்சியோடு தெரிவியுங்கள் என்றது. கம்பனிக்காரரும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். தேவராஜா அலுமாரியைத் திறந்து அந்தத் தாளில் தன் பெயரைப் பார்த்தார். பிறகு மூடினார். இதுவும் போகப்போகிறது, அன்றைக்குச் செவ்வாய், புதன் என்ற ஒரு சொல்லில் எல்லாம் போனமாதிரி.

அடுத்த திங்கட்கிழமை வைதேகி அவசரமாக வரச்சொன்னாள். போனார். மேசையில் முத்திரை குத்தின மூன்று பக்கத் தாள் இருந்தது.

"உங்க தம்பி அனுப்பியிருக்கார்."

"நான் கேக்கேல்லையே!"

"உங்க வீட்ல கேட்டிருக்காங்க," என்றாள் வைதேகி. யோகாவைச் சொன்னாள். "ஆங்கிலத்துல இருக்கு. நான் தமிழ்ல சொல்லவா?"

சொல்லு என்று கையைக் காட்டினார்.

"ஸ்ரீகாந்தனாகிய நான் சத்தியமாகச் சொல்வது. அட்டையில் உள்ள திகதி என் தாயாரின் முப்பத்தோராம் நாள். அன்றைக்குக் கிரியை மட்டுமே நடந்தது. புத்தகம் ஒருவருக்கும் கொடுக்கப்படவில்லை. எங்கள் குடும்பத்தில் மூத்தவர் என் அண்ணன் தேவராஜா. அவர் வந்து முதல் புத்தகத்தைக் கையில் வாங்காமல் அம்மாவின் புத்தகத்தை மற்றவர்களுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்குப் பயண அனுமதி வரும் என்று காத்திருந்தோம். நூற்றைம்பது புத்தகமும் என் கராஜில் கட்டுப் பிரிக்காமல் இருந்தன. சொந்தக்காரர் பலர் என்னோடு கோபித்துக்கொண்டார்கள். 2023 மே மாதம் 29ஆம் திகதி அவரால் வரமுடியாது என்று தெரிந்தது. ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமைதான் கட்டைப் பிரித்தேன். அன்று கோயில் மண்டபத்தில் புத்தகம் கொடுத்தபோது எடுத்த படங்களும், மண்டபப் பற்றுச்சீட்டும் இணைக்கப்பட்டுள்ளன. முதல் புத்தகத்தை யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைத்து, பின்னர் அண்ணனுக்குத் தபாலில் அனுப்பினேன்."

வைதேகி நிமிர்ந்தாள். "ஜூன்ல இருந்து ஏப்ரல், பத்து மாசம்தான் சார். இது நிக்கும். நல்ல பலமான சாட்சி."

தேவராஜா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மிஞ்சினதை எறிந்தான் என்று ஒரு வருடத்துக்கு மேலாக நெஞ்சில் வைத்துக் காய்ச்சின புத்தகம், முதல் புத்தகம்.

"வெளிநாட்டு விண்ணப்பம்..." என்றார் கடைசியில்.

"அது போச்சு சார். பதினஞ்சோட முடிஞ்சுது." அவள் கோப்பிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். "நீங்க போன தடவை வந்துட்டுப் போனதும், உங்க வீட்ல சொல்லி, அவர் உரிமையைத் திரும்ப எழுதித்தர்ற ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்பிட்டார். உங்க கையெழுத்துக்காகத்தான் உங்களுக்கு மெயில் மேல மெயில் போட்டேன்."

வெளியில் வந்து, ட்ராம் தரிப்பிடத்தில் நின்று தம்பிக்கு அடித்தார். நாலாவது மணியில் எடுத்தான்.

"சொல்லுங்கோ அண்ணை."

"ஏனடா எனக்குச் சொல்லேல்லை? புத்தகத்தை எனக்காகத்தான் வைச்சிருந்தனி எண்டு."

"என்னெண்டு சொல்லுறது? வரமுடியேல்லை எண்டு நீங்கள் அழுதுகொண்டிருந்தனீங்கள். உங்களாலதான் புத்தகம் நிக்குது எண்டு அதுக்கு மேலயும் சொல்லச் சொல்லுறியளே?"

ஒரு ட்ராம் வந்தது, நின்றது, போனது. அவர் ஏறவில்லை.

"நான் உன்னைக் களவன் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஓம்."

"உன்ர பேரில போட்டிருக்கலாமடா."

'இல்லை, பரவாயில்லை அண்ணை, விடுங்கோ' என்று ஸ்ரீகாந்தன் ஏதாவது சொல்லுவான் என்று அவர் காத்துக்கொண்டு நின்றார்.

"ஓம் அண்ணை," என்றான் தம்பி. "போட்டிருக்கலாம்."